பேர் சொல்லாமல் சொன்ன கதை

முதல் நாள் அந்த அம்மா நாற்காலியில் உட்காரவே இல்லை. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டு நான் பெருமையோடு நின்றுகொண்டிருந்தேன். மாணவர்கள், பெற்றோர்கள், வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசப்போகிறார்கள் என்பது என் திட்டம். மாமனார்கள் வந்து உட்கார்ந்தார்கள். மருமகள்கள் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்கள். பிள்ளைகள் வாசலைத் தாண்டவே இல்லை, ஒருவரையொருவர் தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "உட்காருங்கம்மா, இங்கே எல்லாரும் சமம்தான்" என்று அவரிடம் போய்ச் சொன்னேன். மல்பெரித் தழை பறித்துப் பறித்துப் பச்சையேறிப்போன விரல்களால் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "பரவால்லீங்க மேடம், நின்னுக்கிட்டே கேட்டுக்கறேன். மாமா உக்காந்திருக்காருல்ல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன, வெளிநாட்டிலிருந்தா வந்தேன்? பிறந்து வளர்ந்தது பக்கத்திலிருக்கிற இண்டூர். என் அம்மா என் தாத்தாவுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் இரண்டு வருஷம் சமூகப்பணி படித்ததில் அதெல்லாம் மண்டையிலிருந்து கழன்றுபோயிருந்தது.

ஒப்பந்த வேலை எனக்கு. பென்னாகரம் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற நான்கைந்து ஊர்களுக்கு நான் ஒருத்திதான் ஆலோசகர். அந்த ஊர்களில் பாதி அப்பாக்கள் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்கள். பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் வருவார்கள், போவார்கள். பிள்ளைகள் ஒன்பதாவது, பத்தாவதில் நின்றுபோகிறார்கள், பெரியவர்கள் பேச்சுத் துணையில்லாமல் கிடக்கிறார்கள், நடுவில் பெண்கள் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள், இவர்களைக் குழுவாக உட்கார வைத்துப் பேசவையுங்கள் என்று என்னை அனுப்பியிருந்தார்கள். அந்த முதல் நாளுக்குப் பிறகு வட்டத்தை மூன்றாக உடைத்தேன். செவ்வாய்க்கிழமை பிள்ளைகள், வியாழக்கிழமை அம்மாக்கள், சனிக்கிழமை பெரியவர்கள். ஒவ்வொரு வட்டத்திலும் முதல் வேலையாக ஒரு விதியைச் சொல்லுவேன். இங்கே பேசியது இங்கேயே இருக்கவேண்டும், வட்டத்தைத் தாண்டி ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது. எல்லோரும் சேர்ந்து அதைத் திருப்பிச் சொல்லுவார்கள். பெரியவர்கள் வட்டத்தில் அந்த அம்மாவின் மாமனார் எழுந்து, "வெறும் வாய்ல சொன்னா எப்படிங்க, சூடம் ஏத்தி அணைச்சிடலாங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

ஊரில் அந்த வீட்டுக்குப் புழுக்காரவூடு என்று பெயர். வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு ஷெட், அதில் தட்டுத் தட்டாகப் பட்டுப்புழு. புழுவுக்கு வாசனை ஆகாது என்று அந்த அம்மா பூ வைக்கமாட்டார், பவுடர் போடமாட்டார். வியாழக்கிழமை வட்டத்துக்கு மற்ற பெண்கள் கொஞ்சம் சீவிச் சிங்காரித்துக்கொண்டு வருவார்கள். இவர் மட்டும் வெறும் நெற்றியில் ஒரு பொட்டோடு வந்து ஓரமாக உட்காருவார். ஐந்தாறு வாரம் வாயே திறக்கவில்லை. "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டால், "அவங்க சொன்னதுதாங்க" என்று பக்கத்தில் இருப்பவரைக் காட்டிவிடுவார். பக்கத்தில் எப்போதும் அதே ஆள்தான், அவருடைய தெருவில் கடைசி வீட்டுக்காரர். கோடி வூட்டு அக்கா என்று இவர் கூப்பிடுவார். இரண்டு பேரும் ஒன்றாகத் தழை பறிப்பார்கள், ஒன்றாகத் தண்ணீருக்குப் போவார்கள், வட்டத்துக்கும் ஒன்றாகவே வந்து ஒன்றாகவே போவார்கள்.

ஒரு வியாழக்கிழமை, யாரும் கேட்காமல், அவராகவே ஆரம்பித்தார். "நான் அஞ்சாவதோட நின்னுட்டேங்க. என் புள்ள சாயந்தரமானா புழு ஷெட்டுல உக்காந்து சத்தமாப் படிக்கும். நான் தழை போட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டிருப்பேன். இப்பப் பாருங்க, பத்தாவது சயின்ஸ்ல பாதி எனக்கு மனப்பாடம். பரீட்சைக்கு அவளுக்கு ஒடம்பு சரியில்லைன்னா நானே போய் எழுதிருவேன்." எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். "பரீட்சை முடிஞ்சதும் அவளை என் நாத்தனார் மகனுக்குக் கட்டிக் குடுக்கறதா மாமா முடிவு பண்ணிட்டாருங்க. எனக்கு இஷ்டமில்ல. இதை நான் எங்கயும் சொன்னதில்ல. பெங்களூர்ல இருக்கற அவங்கப்பாகிட்டகூட சொன்னதில்ல. ஒரு தடவையாவது வாயால சொல்லிடணும்னு இருந்துச்சு, சொல்லிட்டேன்." கோடி வீட்டு அக்கா அவர் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவருடைய மகளும் செவ்வாய்க்கிழமை வட்டத்தில் இதை ஏற்கெனவே சொல்லியிருந்தாள். ஒல்லியாக, எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடையோடு, கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்கிற பிள்ளை. வட்டத்தில் எழுந்து நிற்கவேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் நின்றேதான் பேசுவாள். "எனக்கு நர்சுக்குப் படிக்கணும் மிஸ். ஆனா தாத்தாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதான் கஷ்டமா இருக்குது" என்றாள். குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்யட்டுமா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். பதறிப்போய், "வேணாம் மிஸ், அம்மாவைத்தான் எல்லாரும் பேசுவாங்க, வேணாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தாத்தா சொன்னதையும் நான் கேட்டிருக்கிறேன். ஒரு சனிக்கிழமை, எட்டு பேர் வட்டத்தில், அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவருடைய ஒரே மகள் நோயில் கிடந்து செத்துப்போனவள். "என் கையைப் புடிச்சிக்கிட்டுக் கேட்டுச்சுங்க, அண்ணன் பொண்ணை எம் புள்ளைக்குக் குடுப்பியாப்பான்னு. சாகப்போற புள்ளைகிட்ட மாட்டேன்னு எப்படிங்க சொல்றது?" அவர் பொல்லாதவர் இல்லை. பொல்லாதவராக இருந்திருந்தால் நானும் சட்டப்படி நடந்திருப்பேன். ஒரே வீட்டின் மூன்று மனசும் என் கையில் இருந்தது. அவர்களுக்கே ஒருவர் மனசு மற்றவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். உடனே போனை எடுத்திருக்கவேண்டியவள் நான். எடுக்கவில்லை. பெண் வேண்டாம் என்றாள் என்பது ஒரு காரணம், அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையான காரணம் வேறு. போலீஸ் இல்லாமல், அதிகாரி இல்லாமல், என் வட்டமே இதைச் சாதித்துக் காட்டவேண்டும் என்று எனக்கு ஆசை. குழு ஆலோசனையின் மூலம் ஒரு குழந்தைத் திருமணம் நிறுத்தப்பட்டது என்று அறிக்கையில் எழுதப்போகிற வரியைக்கூட மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன். இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

படிப்பில் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நேரடியாகச் சொல்லமுடியாததைக் கதையாகச் சொல், பேரை மாற்று, ஊரை மாற்று, கேட்கிறவர்கள் தாங்களே யோசிப்பார்கள். அடுத்த சனிக்கிழமை பெரியவர்களிடம் ஒரு கதை சொன்னேன். அரூர்ப் பக்கம் ஒரு ஊர் என்றேன். எட்டாவது படிக்கிற பெண் என்றேன். மாப்பிள்ளையைத் தாய்மாமன் ஆக்கினேன். எல்லாவற்றையும் மாற்றிய எனக்கு ஒன்றை மட்டும் விட மனசு வரவில்லை. அது அவ்வளவு அழகாக இருந்தது. பட்டுப்புழுவுக்குத் தழை போட்டுக்கொண்டே மகள் படிப்பதைக் கேட்டுக் கேட்டுப் பாடத்தை மனப்பாடம் செய்துவிட்ட ஒரு அம்மா, அந்த அம்மாவுக்கும் இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை, வெளியே சொல்ல முடியாமல் புழுங்குகிறாள் என்று உருகி உருகிச் சொன்னேன். முடித்ததும் ஒரு பாட்டி பொக்கை வாயைத் திறந்து, "இதென்ன டீச்சரம்மா, நம்ம புழுக்காரவூட்டுக் கதையாட்டமே இருக்குது!" என்றார்.

அந்த ஊரில் ஒரு காலத்தில் முப்பது வீட்டில் புழு வளர்த்தார்களாம். நான் போன சமயம் மிச்சமிருந்தது இரண்டே வீடு. இன்னொரு வீட்டில் இரண்டும் பையன்கள். இதை யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பேரை மறைத்தால் ஆளை மறைத்ததாக ஆகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இங்கே யார் யாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? புழுக்காரவூடு, கோடி வூடு, மேட்டுக்காட்டார் மருமகள், இப்படித்தான் ஆட்களை அடையாளம் தெரியும். என் அம்மாவின் பேர் எங்கள் தெருவில் ரேஷன் கார்டைத் தவிர எங்கேயும் கிடையாது. இதே மாவட்டத்தில் பிறந்து இதே பேச்சைப் பேசி வளர்ந்தவள், பேர் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு நிதானமாக, "கதை நல்லா இருந்துச்சுங்க டீச்சரம்மா. அந்தம்மாளுக்கும் இஷ்டமில்லைன்னு சொன்னீங்களே, அது அவங்களே வாயால சொன்னதுங்களா?" என்று கேட்டார். "கதைதானுங்களே தாத்தா" என்றேன். "ஆமாங்க, கதைதான்" என்றார். எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மற்ற ஏழு பேரையும் பார்த்து, "வட்டத்துல கேட்டது வட்டத்தோட" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் வரவில்லை. உறவுக்காரர் வீட்டுப் பண்டிகைக்குப் போயிருக்கிறாள் என்றார்கள் கூடப் படிக்கிறவர்கள். நேரே வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா ஷெட்டில் இருந்தார். புழுவுக்குக் கடைசித் தீனி, ஒரு வேளை தழை தவறினாலும் கூடு கட்டாது. கை நிற்காமல் தழை போட்டுக்கொண்டே பேசினார். "மாமா ஞாயித்துக்கிழமை எங்கிட்டப் பேசுனாருங்க. ‘உம் மனசுல இப்படி ஒண்ணு இருக்குதுன்னு ஊருக்கே தெரியுது, எனக்கு மட்டுந்தான் தெரியல. இன்னும் தள்ளிப்போட்டா செத்த புள்ளைக்குக் குடுத்த வாக்கு நிக்காது’ன்னாரு. சத்தம்கூடப் போடல. மறுநாள் காலையிலயே அவளைக் கூட்டிக்கிட்டு கர்நாடகாவுல இருக்கற எங்க சொந்தக்காரங்க ஊருக்குப் போயிட்டாரு. அங்க கோயில்ல வெச்சு முடிச்சிடுவாங்க. இந்நேரம் முடிஞ்சிருக்குமோ என்னவோ." அதற்குப் பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "அக்காதாங்க சொல்லியிருக்கும். வேற யாரு? எங்கையை மடியில வெச்சுக்கிட்டுக் கேட்டாங்களே மேடம்" என்றார்.

நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "முதல்ல பொண்ணைப் பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடிவந்து உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். அதிகாரிகள் இரண்டு நாள் கழித்து வந்தார்கள். அதற்குள் பெண்ணும் தாத்தாவும் ஊர் திரும்பியிருந்தார்கள். கல்யாணமா, எந்தக் கல்யாணம் என்று கேட்டார்கள். போட்டோ கிடையாது, பத்திரிகை கிடையாது. பெண்ணைத் தனியாக விசாரித்தார்கள். கழுத்து வரைக்கும் மூடின சுடிதாரில், துப்பட்டாவை இரண்டு சுற்றுச் சுற்றி, எழுந்து நின்று, "பண்டிகைக்குத்தான் போனேன்" என்றாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. எழுதிக்கொண்டு போனார்கள். பத்து நாளில் அவளைச் செத்துப்போன அத்தையின் வீட்டுக்கு, அத்தை மகனிடம் அனுப்பிவிட்டார்கள். பரீட்சைக்கு வந்த நுழைவுச்சீட்டு தலைமையாசிரியர் மேசையிலேயே கிடந்தது.

தாத்தாவை ஒரு தடவை வரப்பில் மறித்துக் கேட்டேன். அழுகையும் ஆத்திரமுமாக ஏதேதோ கத்தினேன். பொறுமையாகக் கேட்டார். "உங்க மேல எனக்குக் கோவமில்லீங்க. எம் மருமக யார் சொன்னாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்குது. ஊரு பேசுதுன்னு மட்டுந்தான் சொன்னேன். வட்டத்துப் பேச்சை வெளிய சொல்லக்கூடாதுன்னு உங்ககிட்ட வாக்குக் குடுத்திருக்கறேனே" என்றார். சாகிற வரை அவர் சொல்லவில்லை. அந்தப் பொக்கை வாய்ப் பாட்டியும், மற்றவர்களும் சொல்லவில்லை. வியாழக்கிழமைப் பெண்களில் யாரும் எதையும் வெளியே விட்டதில்லை. மூன்று வட்டத்திலும் சேர்த்து அந்த விதியை மீறினது ஒரே ஆள், விதியைப் போட்டவள். என்னை ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. எப்படிப் படுவார்கள்? படித்தவள், அவர்களுக்காகவே வந்தவள்.

வியாழக்கிழமை வட்டம் அதோடு உடைந்தது. கோடி வீட்டு அக்கா முதலில் அழுதுபார்த்தார், பிறகு சண்டை போட்டார், பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார். மற்ற பெண்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், குழந்தைக்குச் சளி, பஸ் வரவில்லை என்று பேசிவிட்டுப் போனார்கள். ஒரு வருஷம் கழித்து, இனியும் தாங்காது என்று ஒரு நாள் புழுக்காரவூட்டுக்குப் போனேன், சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான். ஷெட்டில் புழு இல்லை, ஆடு கட்டியிருந்தது. மல்பெரியைப் பிடுங்கிப்போட்டு மரவள்ளி வைத்திருந்தார்கள். "தனி ஆளாப் பாக்க முடியலீங்க. அக்கா இருந்தவரைக்கும் ஓடுச்சு" என்றார். பாடமெல்லாம் ஞாபகம் இருக்கிறதா என்று ஏன் கேட்டேனோ தெரியவில்லை. "அதெல்லாம் போச்சுங்க" என்றார். வரக்காப்பி போட்டுக்கொடுத்தார். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வார்த்தையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, "எங்களுக்குன்னு கேக்க வந்தது நீங்க ஒருத்தர்தான் மேடம். உங்களை நான் மறக்கமாட்டேன்" என்றார். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பஸ்ஸில் அந்த வழியாகப் போயிருக்கிறேன், இறங்கியதில்லை. போன வருஷம் அந்த அம்மா மாரடைப்பில் போய்விட்டார் என்று ஒரு ஆசிரியை சொல்லித்தான் தெரியும். கோடி வீட்டு அக்கா சாவுக்கு வந்து தெருவிலேயே நின்றாராம். உள்ளே கூப்பிட யாருக்கும் தைரியம் வரவில்லையாம்.

இப்போது நான் கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் அம்மாக்களுக்கு வட்டம் போடுகிறேன். அதே ஒப்பந்தம், அதே பிளாஸ்டிக் நாற்காலி. போன மாதம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி, உடம்பு பெருத்து, தலைமுடி முன்பக்கம் உதிர்ந்து, கையில் ஒரு பையனைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வருகைப் பதிவில் ஊரைச் சொல்ல எழுந்து நின்றாள். அப்போதுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. "நல்லா இருக்கீங்களா மிஸ்" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் முறை வந்தபோது, "எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தது ஒரு சின்னப் பெண், பார்த்தால் இருபது வயசுகூடச் சொல்லமுடியாது. "எங்க வூட்டுல..." என்று ஆரம்பித்தவளுக்கு உதடு துடித்தது. "எங்க வூட்டுல அவரு..." அதற்குமேல் வரவில்லை. இந்த மாதிரி நேரத்தில் அவசரப்படாமல் காத்திருக்கவேண்டும், நானும் காத்திருந்தேன். புழுக்காரவூட்டுப் பெண் மெதுவாக அவள் தோளில் கையைப் போட்டாள். "இங்க வேணாங் கண்ணு. கண்ணைத் துடைச்சுக்க. போற வழியில எங்கிட்ட மட்டும் சொல்லு" என்றாள். சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். அதில் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை.

பயப்படாமல் பேசுங்கள், இங்கே சொன்னது இங்கேயே இருக்கும் என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் நான் சொல்லியிருக்கவேண்டும். அதுதான் என் வேலை, அதற்குத்தான் சம்பளம். நான் சொல்லவில்லை. "அடுத்த ஆள் பேசுங்கம்மா" என்றேன்.